தவணை முடியும் முன்னர் பேசிக்கொள்ளுங்கள்

 

 

தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் சொன்னால் ஆவலோடு கேட்கும் நாம், முஆமலாத் எனும் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேச்செடுத்தால், அது உலமாக்களும் சட்டத்தரணிகளும் பார்த்துக்கொள்ளும் விடயம் என்று ஒதுங்கிவிடுகின்றோம். ஆனால் ஒரு குடும்பத்தின் நிம்மதி குலைவது பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். அதிலும் மஸ்கெலியா, ஹட்டன், நோர்வூட் போன்ற நம் மலையக நகரங்களில் கடைக்கு மேலேயும் பின்னாலேயும் உள்ள வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே வீட்டுக் குத்தகையைப் புதுப்பிக்கும் நேரத்தில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

நம்மைச் சூழவுள்ள மலைகளைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். அரசுடைமையாக இருந்த பெருந்தோட்டங்கள் 1992ஆம் ஆண்டில் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. பின்னர் அவ்வாண்டிலிருந்தே கணக்கிட்டு 53 வருடக் குத்தகை எழுதப்பட்டது. அது 2045ஆம் ஆண்டில் முடிவடைகிறது. இத்தனை பெரிய மலைகளுக்கே முடிவுத் திகதி ஒன்று எழுத்தில் இருக்கின்றது. ஆனால், “நீங்கள் குடியிருக்கும் வீட்டின் தவணை என்று முடிகிறது?” என்று நம்மில் பலரிடம் கேட்டால், “ஹாஜியாரோடு ஒரு பேச்சு இருக்கிறது” என்பதே பதிலாக வருகின்றது. ஹாஜியாரிடம் கேட்டால் அவருக்கு நினைவில் இருப்பது வேறொரு பேச்சாக இருக்கும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கடைவீதியில் சிறிய வியாபாரம்; மூன்று பிள்ளைகள். மூத்தவள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகின்றாள். இரண்டு வருடத் தவணை முடிந்து எட்டு மாதங்களாகிவிட்டன. வீட்டுக்காரர் வாடகையைப் பெற்றுக்கொண்டே இருந்தார். எவரும் எதுவும் பேசவில்லை. திடீரென ஒருநாள் வீட்டுக்காரரின் மகளுக்கு நிகாஹ் நிச்சயமாகின்றது. “தம்பி, வரும் மாதம் வீடு வேண்டும்” என்கிறார். “ஹாஜியார், பிள்ளைக்குப் பரீட்சை. இந்த மழையில் எங்கே போவது? கொடுத்த முற்பணத்தையாவது தாருங்கள்” என்கிறார் இவர். முற்பணமோ எப்போதோ செலவாகிவிட்டது. அன்றுவரை பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்றவர்கள் மறுநாள் முதல் ஸலாம் சொல்வதில்லை. இங்கே எவரும் கெட்டவர் அல்லர். ஒருவருக்கு வீடு தேவை; மற்றவருக்கு அவகாசம் தேவை. தவணை முடிவதற்கு முன்னரே பேசியிருந்தால் இரண்டுக்கும் வழி பிறந்திருக்கும்.

ஏன் பேசுவதில்லை? அச்சம்தான் காரணம் என்பது எனது கருத்து. குடியிருப்பவர், பேச்செடுத்தால் வாடகை கூடிவிடும் என்று அஞ்சுகின்றார். வீட்டுக்காரரோ, எழுதிக் கொடுத்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சுகின்றார். “பத்து வருடம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடும்” என்ற பேச்சை நம் ஊர்களில் கேட்காதவர் இல்லை. இதனாலேயே சில வீட்டுக்காரர்கள் நல்ல குடும்பங்களைக்கூட இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுகின்றார்கள். தேருநர் இடாப்பில் பெயர் பதியவும் விடுவதில்லை. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் போகும்போது வதிவிடத்தை நிரூபிக்க முடியாமல் அந்தப் பெற்றோர் படும் பாடு கொஞ்சமல்ல.

இந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை இருக்கின்றது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருட ஆட்சியைப் பற்றிப் பேசுவது உண்மையே. ஆனால் அது எந்த ஆட்சி? உரிமையாளருக்கு எதிராக, வாடகை செலுத்தாமல், வேறொருவரின் உரிமையை எவ்வகையிலும் ஏற்றுக்கொள்ளாமல் அனுபவித்த ஆட்சி. மாதந்தோறும் வாடகை செலுத்துபவர், ‘இந்த வீடு உங்களுடையது’ என்று மாதந்தோறும் ஒப்புக்கொள்கின்றார் அல்லவா? அவர் முப்பது வருடம் குடியிருந்தாலும் வாடகைக்காரரே. ஆகவே வீட்டுக்காரரைக் காப்பது எழுத்தும் பற்றுச்சீட்டும்தான். எழுதாமல் விடுவதே அவருக்கு ஆபத்து. பெயர் பதிவதைத் தடுப்பதால் அவருக்குப் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை; குடியிருப்பவரின் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இந்தப் பயத்துக்கு மற்றொரு வேரும் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பெரும் பாதுகாப்பு அளித்தது. வாடகையைக் கூட்டுவதும், குடியிருப்பவரை எழுப்புவதும் அக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை; வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்டன. அந்த அனுபவம் நம் மூத்தவர்களின் மனதில் ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் பிற்காலத்தில், குறிப்பாக 1980, 2002ஆம் ஆண்டுகளில் வந்த திருத்தங்கள், பல வீடுகளை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே எடுத்துவிட்டன. ஆகவே பழைய கதையை நம்பி வீட்டுக்காரர் அஞ்சவும் வேண்டாம்; குடியிருப்பவர், ‘சட்டம் என் பக்கம்’ என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். உங்கள் வீடு எந்த வகையில் அடங்குகின்றது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எழுதுவது என்று சொன்னேன். எப்படி எழுதுவது? நம்மவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, இரண்டு பேரின் கையொப்பத்துடன் சமாதான நீதவானின் இறப்பர் முத்திரையையும் பெற்றுக்கொண்டு, காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகின்றார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவாயினும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்படாத இரண்டு வருட ஒப்பந்தம் இரண்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகாது. மாதாந்த வாடகை என்ற அளவில்தான் அது நிற்கும். மாதாந்த வாடகையை ஒரு மாத முன்னறிவித்தலோடு முடித்துவிடலாம். தவணை முடிந்த பின்னர் வாய்ப்பேச்சில் தொடரும் குடியிருப்பின் நிலையும் பெரும்பாலும் இதுவே. சற்று முன்னர் நாம் எண்ணிப் பார்த்த குடும்பம் இந்த இடத்தில்தான் நிற்கின்றது. உறுதியை எழுதிய பின்னர் காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்வது மேலும் பாதுகாப்பு. இடையில் வீடு விற்கப்பட்டாலும் குத்தகை விற்பனைக்கு முந்தும் என்பது இந்நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தின் பழைய விதி. அந்த விதியின் பயனை முழுமையாகப் பெற எழுத்தும் பதிவும் வேண்டும்.

முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உண்மையான வாடகையை மறைத்து, உறுதியில் சிறிய தொகையை எழுதும் வழக்கமும் இருக்கின்றது. இது பொய்ச் சாட்சியம் என்பது ஒருபுறமிருக்க, பிரச்சினை வரும்போது வீட்டுக்காரர் தமக்கு வரவேண்டிய தொகையை எதைக் காட்டி நிரூபிப்பார்? அரசாங்கத்துக்குச் சொன்ன பொய் அவரையே வந்து பிடிக்கும்.

அன்பர்களே! எழுதுவதை அவநம்பிக்கையின் அடையாளமாகச் சிலர் கருதுகின்றார்கள். “நம் ஆட்களுக்குள் என்ன எழுத்து?” என்கிறார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம் அது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்வதையும், எழுதுபவர் நீதியோடு எழுதுவதையும், சாட்சிகளை வைப்பதையும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையாதிருப்பதையும் அது கற்பிக்கின்றது. முஃமின்களை விளித்துத்தான் அவ்வசனம் தொடங்குகின்றது. அதாவது, நம் ஆட்களுக்குள்தான் அந்த எழுத்து.

தவணையை நீடிப்பது தொடர்பாக அழகிய முன்மாதிரி ஒன்று ஸூரா அல்கஸஸில் இருக்கின்றது. மிஸ்ரிலிருந்து தப்பி மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களுக்கு ஒரு முதியவர் தம் மகளை மணமுடித்துத் தர முன்வருகின்றார். எட்டு வருடங்கள் தம்மிடம் வேலை செய்ய வேண்டும் என்கிறார். பத்தாகப் பூர்த்தி செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றும், தாம் அவருக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்றும் கூறுகின்றார். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது குறை வரக்கூடாது என்று மூஸா (அலை) அவர்கள் பதிலளித்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகின்றார்கள். அது வேலைக்கான ஒப்பந்தம்தான். ஆனால் ஆளின் உழைப்பையும் வீட்டின் பயனையும் இஜாரா என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. இங்கே கவனியுங்கள்: கட்டாயத் தவணை எவ்வளவு, நீடிப்பு எவ்வளவு, நீடிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் யார் ஆகிய மூன்றும் முதல் நாளிலேயே பேசி முடிக்கப்பட்டுவிட்டன. நீடிக்காவிட்டால் மனக்கசப்பு இல்லை என்பதும் அன்றே பேசப்பட்டுவிட்டது. மூஸா (அலை) அவர்கள் கூடுதலான தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகின்றது.

நம் உறுதியிலும் இவ்வாறே எழுதலாம். இரண்டு வருடத் தவணை. குடியிருப்பவர் விரும்பினால் மேலும் ஒரு வருடம். விருப்பத்தை முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு வீடு தேவைப்படக்கூடும் என்றால் அதையும் அன்றே சொல்லிவிடலாம்.

திகதியைத் திகதியாகவே எழுதுங்கள். நல்லதண்ணியில் சிவனொளிபாதமலைப் பருவகாலத்துக்குக் கடை போடச் செல்பவர்கள் தங்குமிடம் எடுக்கும்போது, “சீசன் முடியும் வரை” என்று பேசிக்கொள்கின்றார்கள். பருவகாலம் டிசம்பரின் உந்துவப் போயாவில் தொடங்கி, மே மாத வெசாக் போயாவோடு முடிவது வழக்கம். வெசாக் போயா வருடத்துக்கு வருடம் நகரும். மழை முந்தினால் கூட்டம் முன்னரே குறைந்துவிடும். ‘முடிந்தது’ என்று யார் தீர்மானிப்பது? இஜாராவில் காலமும் கூலியும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நம் ஷாபிஈ இமாம்கள் வலியுறுத்தியது இத்தகைய சச்சரவைத் தவிர்க்கவே.

அடுத்து வாடகையைக் கூட்டும் விடயம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறக்க முடியாது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய வருடம் மூன்று வருடங்களுக்கு வாடகை பேசிய வீட்டுக்காரருக்கு, அதே தொகை பாதி அரிசிக்கும் போதாமற் போனது. குடியிருப்பவரின் வியாபாரமோ எரிபொருள் வரிசையில் படுத்துவிட்டது. இருவரும் நியாயமாகவே கஷ்டப்பட்டார்கள். இங்கே மார்க்கத்தின் நிலை தெளிவானது. தவணைக்குள் ஒருவர் தனித்து வாடகையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒப்பந்தம் ஒப்பந்தமே. இருவரும் மனமொத்து மாற்றிக்கொண்டால் அது வேறு. தவணை முடிந்த பின்னரோ வீட்டுக்காரர் புதிய தொகை கேட்பதற்கு உரிமையுண்டு. குடியிருப்பவருக்கு அது கசப்பாக இருக்கலாம். ஆனால் அதை அநியாயம் என்று சொல்ல முடியாது. அநியாயம் எதுவெனில், இவர்களுக்குப் போக்கிடம் இல்லை என்று அறிந்து, பரீட்சை மாதத்தையும் மழைக்காலத்தையும் பார்த்திருந்து கேட்பதுதான்.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. வருடத்துக்கு வருடம் தொகையை முன்கூட்டியே எழுதிவிடலாம். முதல் வருடம் மாதம் 20,000 ரூபா, இரண்டாம் வருடம் 22,000, மூன்றாம் வருடம் 24,000 என்று தொகைகள் தெரிந்தே இருப்பதால் மயக்கம் இல்லை. “நாட்டு நிலைமைக்கு ஏற்ப” என்று எழுதுவது எழுதாமல் விடுவதற்குச் சமம்.

முற்பணத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் மூளுகின்றன. இரண்டு இலட்சம் ரூபா முற்பணம் என்றால், அது மாதந்தோறும் வாடகையில் கழிக்கப்படுமா, வெளியேறும் நாளில் திருப்பித் தரப்படுமா? திருப்பித் தருவதாயின் அது வீட்டுக்காரரின் மீதுள்ள பொறுப்பு. அதைச் செலவழித்துவிட்டு, அடுத்த குடியிருப்பாளர் வந்து தரும் பணத்தில்தான் இவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலை நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. இவர் போகாமல் அவர் வர முடியாது. அவர் பணம் வராமல் இவர் போக முடியாது. தவணை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வீட்டுக்காரர் அத்தொகையைச் சேர்க்கத் தொடங்குவது நல்லது. குத்தகையைப் புதுப்பிக்கும்போது பழைய முற்பணம் புதிய உறுதிக்கு மாற்றப்பட்டதா என்பதையும் தொகையோடு எழுதுங்கள். புதிய உறுதியில் அதைக் குறிப்பிட மறந்துவிட்டால், சில வருடங்களின் பின் வீட்டுக்காரரின் பிள்ளைகளிடம் அந்தப் பணத்தைக் கேட்பது எளிதல்ல.

பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறும் ஈட்டு முறையும் பரவலாக இருக்கின்றது. கொடுத்த பணம் கடன். அந்தக் கடனுக்காகப் பெறும் பயன் வீடு. கடன் ஈட்டித் தரும் பயன் வட்டியின் பாற்பட்டது என்பதே உலமாக்களின் பொதுவான நிலைப்பாடு. அவ்வாறான வீட்டில் இருப்பவர்கள் புதுப்பிக்கும் வேளையை ஒரு வாய்ப்பாகக் கொண்டு, முறையான வாடகைக்கு மாறிக்கொள்ளலாம். அதுபோல, வாடகைப் பாக்கிக்கு நாளுக்கு இவ்வளவு என்று கூட்டி வசூலிக்கும் நிபந்தனையை உறுதியில் கண்டால் நீக்கச் சொல்லுங்கள். பாக்கி என்பது கடன். தவணை முடிந்தும் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பவரிடம் அந்த நாட்களுக்கு உரிய வாடகை பெறுவது வேறு.

கையொப்பமிடுபவர் யார் என்பதையும் பாருங்கள். நம் சமூகத்தில் பல வீடுகள் பெண்களின் பெயரில் இருக்கின்றன. வீடு மகளுடையது, வாடகை பேசுவது வாப்பா. பெண்ணின் சொத்து பெண்ணுடையதே. அவரது கையொப்பமோ, வெளிநாட்டில் இருந்தால் அவர் வழங்கிய அற்றோணித் தத்துவமோ வேண்டும்.

வீட்டுக்காரர் வபாத்தாகிவிட்டால்? ஸஹீஹுல் புகாரியின் இஜாரா பாடத்தில் இதற்கென்றே ஒரு தலைப்பு இருக்கின்றது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபின் இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் என்ன என்பது கேள்வி. தவணை முடியும் வரை குடும்பத்தார் அவரை வெளியேற்ற முடியாது என்ற இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் தீர்ப்பை இமாம் புகாரி அங்கே எடுத்துரைக்கின்றார். ஆதாரமாக அவர் காட்டுவது கைபர். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபர் வெற்றிகொள்ளப்பட்ட பின், விளைச்சலில் பாதி என்ற உடன்பாட்டில் அந்நிலம் அங்கிருந்த யூதர்களிடமே விடப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் காலத்திலும், அபூபக்ர் (ரழி) அவர்களின் காலத்திலும், உமர் (ரழி) அவர்களின் ஆட்சியின் ஆரம்பத்திலும் அது அவ்வாறே நீடித்தது. நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் அவ்விருவரும் குத்தகையைப் புதுப்பித்ததாகச் செய்தி எதுவும் இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டுகின்றார். மரணத்தால் ஒப்பந்தம் முறியவில்லை. மறுதரப்பினர் முஸ்லிம்களாக இல்லாத ஓர் ஒப்பந்தத்தில் இப்படி நடந்திருக்கின்றது என்பதை, தமிழ், சிங்களச் சகோதரர்களுக்கு வீடு கொடுப்பவர்களும் அவர்களிடம் வீடு எடுப்பவர்களும் மனதிற்கொள்ள வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இதற்கு மாறான கருத்து உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் தவணை முடியும் வரை குத்தகை தொடரும். ஜனாஸா அடக்கம் செய்து ஒரு வாரம் கழியுமுன், “வாப்பா பேசியது வாப்பாவோடு போய்விட்டது” என்று சொல்லும் வாரிசுகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பேச்சு முற்றிவிட்டால் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ மத்தியஸ்த சபையிடமோ செல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இச்சபைகளில் இரு தரப்பும் நேரில் அமர்ந்து பேசலாம். பூட்டை உடைப்பதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், பொருட்களை மழையில் எடுத்துப் போடுவதும் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் புறம்பானவை.

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு வேலை. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1960களில் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனபோது, ஊரே இடம்பெயர்ந்ததை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். இன்றும் நீர் வற்றும் காலங்களில் பழைய வணக்கத்தலங்களின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. வீடு மாறுவதன் வலியை அந்த மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பின்னர் உங்கள் வாப்பாவிடம் அனுமதி பெற்று, அலுமாரியில் இருக்கும் குத்தகை உறுதியை எடுத்து வாசியுங்கள். முடிவுத் திகதி, வாடகை, முற்பணம், கூரைத் தகரம் ஒழுகினால் திருத்துவது யார், மின்கட்டணத்தின் இறுதி மாதத்தைச் செலுத்துவது யார் என்று பாருங்கள். சுவர்களில் ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் கைத்தொலைபேசியில் திகதியோடு படமெடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். முடிவுத் திகதியிலிருந்து மூன்று மாதங்களைப் பின்னோக்கி எண்ணி, அந்த நாளைச் சுவர்க் கலண்டரில் வட்டமிடுங்கள். அன்றைக்கு அஸருக்குப் பின் வாப்பாவும் நீங்களுமாக வீட்டுக்காரரிடம் போய் ஸலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். உறுதியே இல்லை என்றால் அந்த நாள் இன்றுதான்.